நேரத்துக்குப் போன வண்டி

காட்பாடியிலிருந்து ஆம்பூர் பக்கம் போகும் காலை பாசஞ்சருக்கு ஒரு கால அட்டவணை உண்டு. ஸ்டேஷனில் அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பூட்டாமல் விட்டிருந்தாலும் யாரும் திருடிக்கொண்டு போயிருக்க மாட்டார்கள். அதனால் காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லை என்பது அந்த வண்டியில் போகிற எல்லோருக்கும் தெரியும். அவர்கள் நம்பியது எப்சியின் குரலை.

எப்சியின் வீடு தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் கடைசி வீடு. சமையலறைப் பின்கதவைத் திறந்தால் துணி துவைக்கிற கல், அதற்கு அப்பால் முள்வேலி, வேலிக்கு அப்பால் ரயில் பாதை. அந்த பாசஞ்சருக்கென்று சொந்தமாகப் பெட்டிகள் கிடையாது. ஆந்திரா பக்கமிருந்து விடிகாலையில் வரும் வேறொரு வண்டி காட்பாடியில் ஆட்களை இறக்கிவிட்டு, அதே பெட்டிகளோடு ஆம்பூர் பாசஞ்சராக மறு அவதாரம் எடுக்கும். அதுவோ வழியில் சரக்கு ரயிலுக்கு ஒதுங்கி, எக்ஸ்பிரஸுக்கு ஒதுங்கி, எதுவும் வராதபோதும் பழக்க தோஷத்தில் ஒதுங்கி நின்றுவிட்டு, வரும்போது வரும். எப்சி வீட்டுப் பின்கதவைத் தாண்டித்தான் அது ஸ்டேஷனுக்குள் நுழைய வேண்டும். தாண்டியதும் எப்சி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்து வாட்ஸப் குழுவில் பேசுவாள்.

"பொட்டி வந்துடுச்சு. கெளம்புங்க."

அவ்வளவுதான் செய்தி. அதைக் கேட்ட பிறகுதான் காட்பாடிக்காரர்கள் செருப்பு மாட்டுவார்கள். லத்தேரியில் தலைக்குக் குளித்தவர்கள் ஈரம் துவட்ட ஆரம்பிப்பார்கள். குடியாத்தத்தில் சோறு டப்பாவுக்குள் போகும். அதற்கும் அப்பால், ஏரிக்கொத்தூர் என்கிற சின்ன ஹால்ட்டில், ஆட்டைக் கட்டிவிட்டு வயலோரமாக நடக்கத் தொடங்குவார்கள். யாரும் ஒரு நிமிஷம்கூட பிளாட்பாரத்தில் வீணாக நிற்பதில்லை. அரசாங்கத்துக்குத் தெரியாமல் அரசாங்கத்தின் ரயிலுக்கு இவர்களாகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அதில் எப்சிக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு என்று எங்கே போனாலும் யாராவது ஒருத்தி வந்து, "நீங்கதான் பொட்டி அக்காவா?" என்று கையைப் பிடித்துக்கொள்வாள்.

எப்சிக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. செக்கிங் டேபிள். தைத்து வருகிற மேல்தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூல் பிசிறு, பசைக் கறை, தப்பிப்போன தையல் எல்லாவற்றையும் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கணவன் டேனியல் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்கோ இருப்பான். மீதிப் பாதி நாள் முதுகு வலியோடு கட்டிலில் இருப்பான். வீடு ஓடுவது எப்சியின் சம்பளத்தில். அந்தச் சம்பளம் ஓடுவது இந்த ரயிலில். பஸ்ஸில் போகலாமே என்று ஊரில் சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். காட்பாடியிலிருந்து வேலூர், வேலூரிலிருந்து ஆம்பூர் என்று இரண்டு பஸ் மாறி தினமும் போய் வந்தால், பஸ்காரருக்காக வேலை செய்தது போலத்தான் இருக்கும்.

கம்பெனி கேட் எட்டு மணிக்கு மூடும். பல வருஷமாக ரயிலில் வரும் பெண்களுக்கு மட்டும் அந்தக் கேட் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டது. டைம் ஆபீஸ் முனீர் அகமது, "டிரெய்ன் லேட்டா? போங்க போங்க" என்று உள்ளே விட்டுவிடுவார். இந்த வருஷம் அது முடிந்துபோயிற்று. ஆர்டர் கம்மி, ஆள் ஜாஸ்தி. மேலே புதிதாக வந்தவர்கள் கைரேகை மிஷினை வைத்துவிட்டார்கள். மிஷினுக்கு ரயில் தெரியாது. எட்டு தாண்டினால் அன்றைக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

ஒருநாள் முனீர் அகமது ரயில் பெண்களை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நான் எவ்ளோ நாளு சமாளிக்கறது சொல்லுங்க. இந்த மாசம் பாப்பாங்க. அடுத்த மாசமும் இதே மாதிரின்னா, கம்பெனி வேன் போற ஊரு பொண்ணுங்கள எடுத்துக்கச் சொல்ட்டாங்க. ஒடுகத்தூர் பக்கம் நெறைய பேரு கேட்டுனு இருக்காங்க. என்மேல கோவப்படாதீங்கம்மா."

அவர் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? ஆகவே எல்லோருமாகச் சேர்ந்து ரயில் மேல் கோபப்படுவது என்று முடிவாயிற்று.

பயணிகள் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் தேவானந்தம், தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கு எழுதுகிறவர். தலைவர் என்றால், மனு எழுதத் தெரிந்த ஒரே ஆள் என்று அர்த்தம். அவர் மனு எழுதினால் 'மாண்புமிகு' என்பதிலிருந்து விஷயத்துக்கு வருவதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிடும். இந்த முறை எப்சி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "சார், வண்டிய டைமுக்கு விடுங்கன்னு மட்டும் எழுதுங்க, போதும்" என்று சொல்லி எழுத வைத்தாள். இரண்டு பேருமாக அதை எடுத்துக்கொண்டு ரயில்வே அதிகாரி ஒருவரைப் பார்க்கப் போனார்கள்.

அவர் சின்ன வயசுக்காரர். விரட்டுவார் என்று நினைத்துத்தான் போனார்கள். அவரோ உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். மனுவை முழுக்கப் படித்தார்.

"உங்க பக்கத்து சின்ன ஸ்டேஷன்கள்ல டிக்கெட்டே விக்கலியேம்மா. இந்த வண்டிய நிறுத்திடலாம்னே மேல ஒரு பேச்சு ஓடிட்டிருக்கு" என்றார்.

"நாங்க எல்லாம் சீசன் டிக்கெட் சார்" என்றாள் எப்சி. "ஹால்ட்ல சீசன் குடுக்க மாட்டாங்க. ஆம்பூர்ல, குடியாத்தத்துலதான் எடுப்போம்."

"அப்போ தினமும் எத்தனை பேர் வருவீங்க?"

தேவானந்தம் குறுக்கே விழுந்தார். "உக்கார எடம் கெடைக்காது சார். நீங்களே ஒருநாள் வந்து பாருங்க. பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

அதிகாரி சிரித்தார். "சரி, வர்றேன். ஆனா சொல்லிட்டு வர மாட்டேன். சொல்லிட்டு வந்தா எல்லாம் சோடிச்சு வெச்சிருப்பாங்க."

வெளியே வந்ததும் தேவானந்தம் எப்சிக்கு ஒரு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். அத்தனை சந்தோஷம். எப்சி அன்று இரவு குழுவில், "சாரு வர்றேன்னிருக்காரு, எல்லாரும் ஜெபம் பண்ணுங்க, துவா பண்ணுங்க" என்று பேசினாள். சாமி பெயர் தெரிந்தவர்கள் எல்லாம் அவரவர் சாமியைக் கும்பிட்டார்கள்.

அதிகாரி சொன்ன சொல் தவறாதவர். அதுதான் வினையாயிற்று.

அவர் செய்தது இதுதான். நேரத்துக்கு விடுங்கள் என்று கேட்டார்கள், விட்டுப் பார்ப்போம் என்று, முந்தின நாள் சாயங்காலமே வேறு பெட்டிகளைக் கொண்டுவந்து காட்பாடி பிளாட்பாரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆந்திரா வண்டிக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சரக்கு வண்டிகளை ஒதுங்கி நிற்கச் சொல்லி வழியையும் விடுவித்துவிட்டார். அவரும் இரண்டு சிப்பந்திகளும் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள்.

எப்சி அந்தக் காலை பின்கதவில் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். பாதை வெறுமையாகக் கிடந்தது. ஸ்டேஷன் பக்கம் ஏதோ ஹாரன் கேட்டது. காட்பாடியில் ஹாரன் கேட்காத நேரம் ஏது? குழுவில் லத்தேரி பெண்ணொருத்தி, "அக்கா, இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

"இன்னும் வரல. நிதானமா சாப்டுங்க" என்றாள் எப்சி.

நிதானமாகச் சாப்பிட்டார்கள். எப்சியும் இரண்டு தோசை சாப்பிட்டாள். டேனியலுக்கு முதுகில் தைலம் தேய்த்துவிட்டாள். ரொம்ப நேரம் கழித்து ஆந்திரா வண்டி ஆடி அசைந்துகொண்டு வேலியைத் தாண்டியது. எப்சி ஃபோனை எடுத்து வழக்கம்போலச் சொன்னாள்: "பொட்டி வந்துடுச்சு. கெளம்புங்க."

அவள் ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது ஆந்திரா வண்டி ஆட்களை இறக்கிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, யார்டு பக்கம் போய்க்கொண்டிருந்தது. காட்பாடிக்காரர்கள் எல்லோரும் பையும் கையுமாக அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். துப்புரவு செய்கிற பச்சையப்பன் அவர்களைப் பார்த்து விளக்குமாற்றை நிறுத்தினார்.

"இன்னாமா, எங்க போய்ட்டீங்க எல்லாரும்? உங்க வண்டி கரெக்ட் டைமுக்குப் போய்டுச்சே. பெரிய ஆபீசரு ஏறினாரு. ஒரு ஈ காக்கா இல்ல."

எப்சிக்கு முதலில் அது புரியவில்லை. புரிந்தபோது சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். குழுவில் குரல்கள் வரத் தொடங்கின. லத்தேரி பிளாட்பாரத்தில் கூட்டம் நிற்கிறதாம். குடியாத்தத்தில் நிற்க இடமில்லையாம். ஏரிக்கொத்தூரில் பெண்கள் வெயிலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறார்களாம். அந்த அதிகாரி பார்க்க வேண்டிய கூட்டம் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அச்சுப் பிசகாமல் நின்றுகொண்டிருந்தது. அவர் எப்போதோ ஆம்பூர் தாண்டிப் போயிருந்தார்.

பஸ்ஸைப் பிடித்து ஓடினவர்களைக் கம்பெனிக் கேட்டில் திருப்பி அனுப்பினார்கள். ரயில் பெண்களில் அன்றைக்கு உள்ளே போனது ஏரிக்கொத்தூர் அஃப்ஸர் ஜஹான் ஒருத்திதான். தையல் லைனில் வேலை செய்கிறவள். எப்சியின் பக்கத்து சீட். ரயிலில் பக்கத்து சீட் என்றால் சொந்தக்காரியைவிட நெருக்கம். அவளை மறுநாள் கேட்டதற்கு, "அண்ணன் பைக்ல கொண்டாந்து வுட்டுச்சுக்கா" என்றாள். அவளாவது தப்பித்தாளே என்று எப்சி மனதார சந்தோஷப்பட்டாள்.

மற்றவர்கள் சந்தோஷப்படவில்லை. இத்தனை நாள் தெய்வ வாக்காக இருந்த குரல் இப்போது எல்லோருக்கும் கசந்துவிட்டது.

"நிதானமா சாப்டுங்கன்னியே அக்கா, இப்ப சோத்துக்கே வழியில்லாம பண்ணிட்டியே" என்று லத்தேரிப் பெண் குழுவில் அழுதாள். தேவானந்தம் அழவில்லை, அவர் இன்னும் மோசம். "ஒரு தடவ ஸ்டேஷனுக்குப் போய் எட்டிப் பாத்துட்டு சொல்லக்கூடாதாம்மா? பொறுப்புன்னு ஒண்ணு வேணாமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். உக்கார எடம் கெடைக்காது என்று சொன்னது அவர்தான் என்பதை அவருக்கு யார் ஞாபகப்படுத்துவது? எப்சி தலையைக் குனிந்துகொண்டாள். தப்பு தன்னுடையதுதான் என்று அவளே நம்பினாள். இராத்திரியெல்லாம் அந்த 'நிதானமா சாப்டுங்க' காதிலேயே ஓடியது.

இரண்டு வாரத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். பயணிகள் வரத்து இல்லாத காரணத்தால் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து காலை பாசஞ்சரும், சாயங்காலம் திரும்பி வரும் பாசஞ்சரும் ரத்து. எப்சி அதை மூன்று தரம் படித்தாள். படிக்கப் படிக்க அதில் ஒன்றும் மாறவில்லை.

குழுவில் யாரிடமும் சொல்லாமல், முனீர் அகமதுவிடம் மட்டும் காரணம் சொல்லி லீவு போட்டுவிட்டு, அவள் தனியாக அந்த அதிகாரியைப் பார்க்கப் போனாள். இந்த முறையும் உட்காரச் சொன்னார். எப்சி எல்லாவற்றையும் கொட்டினாள். பின்கதவு, ஆந்திரா வண்டி, வாட்ஸப் குழு, ஒவ்வொரு ஊரிலும் கூட்டம் பின்னால் வந்து நின்றது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் வாடிப்போனதை எப்சி பார்த்தாள். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

"நீங்க டைமுக்கு விடச் சொன்னீங்க. விட்டேன்" என்றார் அவர். "டைமுக்கு விட்டா யாரும் வர மாட்டீங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"இன்னொரு தடவ வந்து பாருங்க சார். கால்ல வுழறேன்."

"மேலே எழுதியாச்சு, உத்தரவும் வந்தாச்சு. இனிமே என் கையில இல்ல." கொஞ்சம் தயங்கிவிட்டு, தன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும் என்பதுபோலச் சொன்னார். "காலியா இருந்ததை மட்டும் பார்த்து நான் எழுதலைம்மா. ஏரிக்கொத்தூர்ல ஒரு அம்மா ஏறினாங்க. அவங்களையும் கேட்டேன்."

எப்சி நிமிர்ந்தாள்.

"ஹார்ன் சத்தம் கேட்டு அரக்கப்பரக்க ஓடி வந்தாங்க. வீடு ஸ்டேஷனை ஒட்டியே இருக்காம். ஃபோன்கூட எடுக்காம வந்துட்டேன்னாங்க. டிக்கெட் இல்ல. பயந்துட்டாங்க, பாவம். தினமும் வர்றீங்களான்னு கேட்டேன். 'இல்ல சார், நான் பஸ்லதான் போவேன், இன்னிக்குதான் முதல் தடவ ஏறினேன்'னாங்க. வேற யார் யார் வருவாங்கன்னு கேட்டேன். 'இந்த வண்டிய நம்பி யாரும் வர்றதில்ல சார்'னாங்க. முதல் தடவைதானேன்னு ஃபைன் போடாம விட்டுட்டேன்."

ஏரிக்கொத்தூர் ஹால்ட்டை ஒட்டி இருப்பது ஒரே வீடு. தகரக் கூரை, வாசலில் ஒரு முருங்கை மரம். எப்சி அந்த வீட்டில் ரம்ஜானுக்குச் சாப்பிட்டிருக்கிறாள்.

எப்படி நடந்திருக்கும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அஃப்ஸரின் சீசன் முந்தின நாளோடு முடிந்திருக்கும். சீசன் முடிந்த மறுநாள் காலை டிக்கெட் எடுக்காமல் ஏறி, ஆம்பூரில் இறங்கினதும் புது சீசன் எடுப்பதுதான் ஹால்ட்காரர்கள் எல்லோரும் செய்வது. ஒரு நாள் டிக்கெட் மிச்சம். வெள்ளைச் சட்டையும் இரண்டு சிப்பந்திகளும் எதிரே வந்து நின்றதும் டிக்கெட் பிடிக்கிற ஸ்குவாட் என்று நினைத்திருப்பாள். தினமும் வருகிறவள் என்றால் ஃபைன். தெரியாமல் ஏறினவள் என்றால் மன்னிப்பு. இதுவும் ஹால்ட்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் எப்சி ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். குழுவைத் திறந்தாள். அன்று காலையும் யாரோ அவளை ஜாடையாகக் குத்தியிருந்தார்கள். ஒரே ஒரு வார்த்தை போதும். அத்தனை பழியும் அப்படியே நகர்ந்து ஏரிக்கொத்தூர் தகரக் கூரை மேல் போய் உட்கார்ந்துவிடும். மைக் பட்டனை அழுத்தினாள். "யாரால இதெல்லாம் ஆச்சு தெரியுமா" என்று தொடங்கி, பாதியில் விரலை இழுத்து அழித்துவிட்டாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி அழித்தாள்.

அவள் ஒன்றும் பெரிய மனசுக்காரி இல்லை. அஃப்ஸர் எதிரே இருந்திருந்தால் கன்னத்தில் ஒன்று கொடுத்திருப்பாள். ஆனால் எப்சியின் பெட்டியிலும் ஒருமுறை, அவள் சீசன் முடிந்த மறுநாள், டிக்கெட் செக்கர் ஏறியிருக்கிறார். குடியாத்தம் வரை கழிவறைக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த வெள்ளைச் சட்டை தன் முன்னால் வந்து நின்றிருந்தால், தன் வாயிலிருந்தும் அதே பதில்தான் வந்திருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அது தெரிந்திருந்ததுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நிம்மதியாக ஒருத்தியைத் திட்டக்கூட முடியவில்லை. வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது ஃபோனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

அந்த மாதம் முழுக்க வண்டி வழக்கம்போல லேட். கடைசி நாள் வந்தது. முனீர் அகமது கணக்கை முடித்துக் கவரைக் கையில் கொடுத்தபோது, "பிஎஃப்புக்கு எப்ப வந்தாலும் நான் பாத்துத் தர்றேன்" என்றார். காட்பாடி, லத்தேரி, குடியாத்தம் பெண்கள் எல்லோருக்கும் அதே கவர், அதே வார்த்தை. ஏரிக்கொத்தூர்காரர்களுக்குக் கவர் இல்லை. அங்கிருந்து ஆம்பூர் பக்கம்தான்; ஷேர் ஆட்டோவில் எட்டுக்குள் வந்துவிடலாம். செலவு கூடும், ஆனால் வேலை இருக்கும்.

சாயங்கால வண்டியில் கூட்டம் தாங்கவில்லை. இருக்கிற ஆட்கள் போதாதென்று, கடைசி நாள் என்று சும்மா பார்க்க வந்தவர்கள் வேறு. தேவானந்தம் எங்கிருந்தோ ஒரு சாமந்தி மாலை வாங்கிவந்து இன்ஜின் முகப்பில் போட்டார். அப்புறம் பெட்டிக்குள் நின்று, போராட்டம் ஓயாது என்று பேசினார். கோர்ட்டுக்குப் போவோம் என்றார். இரண்டு பேர் கைதட்டினார்கள். கோர்ட்டுக்கு எந்த வண்டியில் போவது என்று யாரோ கேட்டதற்குச் சிரிப்பும் வந்தது. உக்கார நிஜமாகவே இடமில்லை. இந்தக் கூட்டத்தைப் பார்க்க ஒரு நாதியும் அந்த வண்டியில் இல்லை.

அஃப்ஸர் எப்சிக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தாள். டப்பா நிறையக் குஸ்கா கொண்டுவந்திருந்தாள். மூடியில் கொஞ்சம் போட்டு எப்சி பக்கம் நகர்த்தினாள்.

"சாப்டுக்கா. காலைல நாலு மணிக்கு எழுந்து பண்ணேன்."

எப்சி எடுத்து வாயில் போட்டாள். நன்றாக இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

வண்டி ஆம்பூரை விட்டு வெளியே வந்தது. தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை ஜன்னல் வழியாக வந்து, கொஞ்ச தூரத்தில் விலகிப்போனது. அஃப்ஸர் தன் டப்பாவிலிருந்து ஒரு பருக்கைகூட எடுக்கவில்லை. கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா."

"ம்."

"நீ அந்த ஆபீசரப் போய்ப் பாத்தியாமே. டைம் ஆபீஸ்ல பேசிக்கினாங்க."

"ஆமா, பாத்தேன்."

"இன்னா சொன்னாரு?"

எப்சி அவளைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்காக அவள் எத்தனை நாள் உள்ளுக்குள் செத்திருப்பாள் என்று முகத்திலேயே தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. உதடு காய்ந்திருந்தது. சொல்லிவிடலாம் என்று எப்சிக்கு ஒரு ஆத்திரம் எழும்பியது. இத்தனை பேர் வேலை போனது, தான் வாங்கின திட்டு, டேனியலின் முதுகு வலி, வீட்டு வாடகை, எல்லாம் சேர்ந்து நாக்கு நுனி வரை வந்து நின்றது. சொல்லிவிட்டால் அந்த ஒரு நொடி நன்றாக இருக்கும். அதற்கப்புறம் நாளைக்குக் காலையில் வண்டி வந்துவிடுமா?

"இன்னா சொல்லுவாரு? வண்டி காலியா இருந்துச்சுன்னாரு. ஆரும் இல்லன்னாரு."

"ஆருமேவா?"

"ஆருமே இல்லன்னாருடி. ஒரு ஈ காக்கா இல்லியாம்."

அஃப்ஸர் பெருமூச்சு விட்டாள். தோள் இரண்டும் அப்படியே தளர்ந்து இறங்கின. எப்சி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் கொடுத்த நிம்மதி இன்னொருத்தி உடம்பில் இறங்குவதைப் பார்க்க இவ்வளவு கசக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அஃப்ஸர் ஒரு வாய் குஸ்கா எடுத்துச் சாப்பிட்டாள். அப்புறம் இன்னொரு வாய். பல நாள் கழித்துப் பசி வந்தவள் போலச் சாப்பிட்டாள்.

ஏரிக்கொத்தூர் நெருங்கியது. வண்டி வேகம் குறைந்தது. அஃப்ஸர் டப்பாவை மூடிப் பையில் வைத்துவிட்டு, எப்சியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை, நிஜமான கண்ணீர்.

"எல்லாரும் உன்ன இன்னான்னாவோ பேசுனாங்கக்கா. குரூப்புல, கம்பெனில, தேவானந்தம் சாருகூட. நான் மட்டும் ஒரு வார்த்த சொல்லல. அல்லாமேல ஆணையா, மனசுலகூட உன்மேல கோவம் வெச்சிக்கல. தெரியாம நடந்துபோச்சு. நீ வேணும்னா பண்ணே? நான் உன்ன எப்பவோ மன்னிச்சுட்டேன்க்கா. நீ அதயே நெனச்சு பேஜாராவாத."

சொல்லிவிட்டு, எப்சியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மி அழுதாள். எதிர் சீட்டில் இருந்த பெண்கள் அதைப் பார்த்துத் தாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எப்சி அஃப்ஸரின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"சரி, வுடு. உன் ஊரு வந்துடுச்சு பாரு, எறங்கு" என்றாள்.